பக்கத்துக் கட்டில்காரி பின்னிய சடை

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

விளையாடும்போது விழுந்து வலது மணிக்கட்டு லேசாகப் பிசகிவிட்டது. பயப்படாதே, விடுதி நர்ஸ் கட்டுப் போட்டுவிட்டார். இதை இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள். சடைதான் பின்ன முடியவில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டு, ஒரு மாதமாகப் பேசாமல் இருந்த பக்கத்துக் கட்டில்காரி நேற்றுக் காலை சீப்போடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

"வலிச்சா சொல்லு" என்றாள்.

நீ சொல்வது போலவே இருந்தது. வலிக்காமலேயே "வலிக்குது" என்றேன். கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவள் அவிழ்த்துவிட்டு மறுபடி மெதுவாகப் பின்னினாள்.

அப்பா வரும்போது உன் பழைய சீப்பைக் கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம். கழுவவும் வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. இந்த வாரம் தட்டு எடுத்து வைப்பது என் முறை, ஓடுகிறேன்.

உன் மகள்