இறக்காத கூடைகள்

2.2.2025, ஞாயிறு

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

சாயங்காலம் பூவிழி வந்தாள். என்னிடம் படித்தவள், இப்போது உப்பளத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு இந்த வருஷத்து முதல் உப்பு படைக்கும் நாள். எங்கள் காலனிப் பெண்கள் அளத்திலிருந்து சுமந்துபோய்க் கோயில் வாசலில் இறக்குவார்கள். அங்கிருந்து ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் அம்மன் காலடியில் கொட்டுவார்கள். நாங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

“இந்த வருஷம் இறக்க மாட்டோம் சார். தலையில வச்சபடியே உள்ள போறோம். விடலன்னா அங்கயே நிக்கிறோம். யாரும் கை ஓங்கக் கூடாது, திட்டக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம்.”

முதலில் ஒரு மனு எழுதலாமே என்றேன்.

“இதுவரைக்கும் எத்தனை எழுதியிருக்கீங்க சார்?”

ஆறு.

7.2, வெள்ளி

ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை நின்றார்கள். பதினாலு பெண்கள். ஈர உப்பிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிந்து கண்ணெல்லாம் சிவப்பு. தர்மகர்த்தா பலராமன் வாசலை மறித்து நின்றான். அளத்தையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவனும் என் மாணவன்.

“நீங்களாவது சொல்லக் கூடாதா சார்? வழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்ல?” கையைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

கூட்டத்தில் ஒருவன், கூடையோடு நின்ற லூர்துமேரியைச் சீண்டினான்: “ஏம்மா, சர்ச்சுக்குப் போறவளுக்கு இங்க என்ன வேலை?”

“உப்பு வாரும்போது யாரும் இதக் கேக்கலியே தம்பி.”

திரும்பிப் போய் உப்பைப் பாத்தியிலேயே கொட்டினோம். திருட்டுப் பழி வரும், ஒரு கல்கூட வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

8.2

பலராமன் கடையில் பாக்கெட் உப்பு வாங்கி அம்மனுக்குக் கொட்டினானாம். உப்பளத்து ஊரில்!

11.2

பதினாலு பேருக்கும் அளத்தில் வேலை இல்லை என்று பலராமன் சொல்லிவிட்டான். எனக்குப் பென்ஷன் வருகிறது. அவர்களுக்கு? பின்வாங்கச் சொல்லலாம் என்றுதான் பூவிழி வீட்டுக்குப் போனேன்.

பூவிழி சொன்னாள்: “மூணாவது படிக்கும்போது எங்க எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஊர்ப் பிள்ளைங்க உள்ள போச்சுங்க. நீங்க எங்களோட வெளிய நின்னு பனைமரத்த எண்ணச் சொன்னீங்க. பதினேழு சார்.”

அழாமல் இருக்கட்டும் என்றுதான் எண்ணச் சொன்னேன். கணக்குப் பாடம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சே — என்ன வாத்தியார் நான்?

14.2, வெள்ளி

காலிக் கூடைகளோடு நின்றார்கள். நானும் ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

பலராமனின் அம்மா விஜயலட்சுமி கோயிலுக்குள்ளிருந்து வந்தார். அளம் அவர் பேரில்தான் இருக்கிறது. “பாக்கெட் உப்பு கொட்டினதுமே கரைஞ்சு ஓடிடுச்சு. கண் ஆபரேஷனுக்கு நான் வேண்டிக்கிட்டது நம்ம அளத்து உப்பு. நாளைக்கு வேலைக்கு வாங்க. அடுத்த வெள்ளி நான் முன்னாடி போறேன், நீங்க பின்னால எடுத்துட்டு வாங்க.”

“பின்னால இல்லம்மா. பக்கத்துல” என்றாள் பூவிழி.

அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

18.2

தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். தீண்டாமைத் தடுப்புச் சட்டத்தைப் படித்துக் காட்டினார்கள். நான் பலராமனிடம் கேட்டேன்: “எட்டாவதுல உன்னையும் காலனிப் பையன் ஒருத்தனையும் ஒரே டம்ளர் தண்ணியில உப்பு போடச் சொன்னேன். யார் போட்டது எதுன்னு பிரிச்சுக் காட்டுங்கன்னேன். ஞாபகம் இருக்குதா?”

“இருக்குது சார்.”

ஆனால் சமாதானப் பத்திரத்தில் அவன் கையெழுத்துப் போடவில்லை.

21.2, வெள்ளி

வாசலில் இரண்டு போலீஸ். ஊரில் பாதி வீடு கதவு சாத்தியிருந்தது. பலராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாக நின்றான். மறிக்கவில்லை. அவன் அம்மா இரண்டடி முன்னால் போனவர் நின்றார், பூவிழி பக்கத்தில் வரும்வரை. உப்பைப் பூவிழியே கொட்டினாள்.

நான் கடைசியாகப் போனேன். அம்மனைப் பார்க்கும் முன் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு பனைகூடத் தெரியவில்லை.