அப்பா இன்னும் விற்கவில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதை மனதாரத்தான் சொல்கிறேன். இங்கே எப்படி என்று கேட்டால் இருக்கிறோம், அவ்வளவுதான். போனில் பேசலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், அவர் இல்லாத நேரத்தில் நீ வேலையில் இருக்கிறாய், அதனால்தான் இந்தக் காகிதம். வரிகள் மேடும் பள்ளமுமாகப் போயிருக்கும், வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

அப்பா பேக்கரிக்குப் போய்வருகிறார். பங்குதாரராகப் போனவர் இப்போது சம்பளத்துக்குப் போகிறார். அதே அடுப்பு, அதே மாவுத் தொட்டி. கடையில் இவருக்கிருந்த பாதிப் பங்கை வாங்கிக்கொண்ட கூட்டாளி தாடிக்காரர் நல்ல மனிதர், இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் தட்டுகளைக் கழுவச் சொல்ல வேண்டுமென்றால் வேறு ஆளை விட்டுச் சொல்கிறார், அந்த மரியாதைதான் இவரைச் சுடுகிறது. பங்கை விற்ற பணம் முழுவதையும் உன் பேச்சைக் கேட்டு அந்தக் கிரிப்டோவில் கொட்டினார். ஒரே வருஷத்தில் இரண்டு மடங்கு என்றாய். முதலில் ஏறியபோது இவர் பண்ணிய அலம்பல் கொஞ்சமா, மாவுக் கையால் போனைத் தேய்த்துத் தேய்த்துத் திரையே வெளுத்துப்போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன், உனக்கு என்ன தெரியும் என்றார். தொட்டியில் மாவு இரண்டு மடங்கு உப்பினாலும் எடை கூடாது என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிற மனிதர், இதில் மட்டும் உப்பியதையே எடை என்று நம்பிவிட்டார். இப்போது போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

விலை சரிய ஆரம்பித்தபோதே விற்றுவிடட்டுமா என்று உன்னைக் கேட்டார். விக்காதீங்கப்பா, நானே விக்கலை, பொறுத்துக்குங்க என்றாய். போன வாரம், விலை எறங்கினப்பதான் இன்னும் வாங்கணும் என்றாயாம். அன்றிலிருந்து என் கண் ஆபரேஷனுக்கு வைத்திருக்கிற பணத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார். ஆறு மாசம் பொறு, ரெண்டு கண்ணையும் பெரிய ஆஸ்பத்திரியிலயே பண்ணிடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுநாள் போட்டுவிடுவார்.

செவ்வாய்க்கிழமை மருமகள் பேசினாள், அப்பா வேலைக்குப் போயிருந்தார். புது வீட்டைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், உங்க பிள்ளை விலை உச்சியில இருந்தப்பவே வித்துட்டாரு அத்தை, அந்தப் பணத்துலதான் முன்பணம் கட்டினோம் என்றாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னாள், அவளைத் திட்டாதே. சரிம்மா, சந்தோஷம் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போய் அணைக்கத் தோன்றவில்லை.

நீ விற்றது தப்பில்லை. வீடு வாங்கியதிலும் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. அப்பா நஷ்டத்தில் விற்றால் பழி உன்மேல் விழும், எப்படியாவது ஏறிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். அதற்கு என் கண்தானா கிடைத்தது? இரண்டு மடங்கு ஆகும் என்று சொன்ன வாய், பாதியாகவும் ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம், போனாலும் சோறு குறையாத பணத்தைத்தான் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அது உனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு மட்டும் வைத்துக்கொண்டாய். பெற்ற பிள்ளையே இப்படிச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் பொய்க்காரி என்பார். ஞாயிற்றுக்கிழமை நீயே உன் வாயால் சொல், திட்டினால் வாங்கிக்கொள். குழந்தைக்குச் சளி என்றாள் மருமகள், காதை மூடி வெளியே கூட்டிப் போங்கள். எல்லோரும் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நேற்றுத் தாடிக்காரர், மிச்சமிருக்கறதையாவது எடுத்துடுங்கண்ணே என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னாராம், என் பையனே இன்னும் விக்கலை, நான் எதுக்கு விக்கணும் என்று.

இப்படிக்கு,
உன் அம்மா