காய்ச்சலுக்கும் ஒரு வார்டன்

மாமல்லபுரம்

சிரஞ்சீவி ஹரிஹரனுக்கு அம்மாவின் ஆசிகள். சுஜாதாவும் குழந்தையும் நலமா?

நான் மயங்கி விழவில்லை. சமையல்காரி கன்னியம்மா உனக்கு ஃபோனில் சொன்னது தவறு. தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது; ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். "இன்னாம்மா, ஒடம்பு அனலா கீது, புள்ளைக்குச் சொல்லிடறேன்" என்று அவள் முந்திக்கொண்டாள்.

இங்கே தங்கி ஆராய்ச்சி செய்யும் அதிதி கஞ்சி கொண்டுவந்து காரணம் சொன்னாள். நோய் எதிர்ப்பு செல்லுக்குள் ஒரு புரதத்தை இன்னொரு புரதம் பிடித்து வைத்திருக்கிறதாம்.

"அது உங்கள மாதிரி வார்டன், மேடம். ஊசி போட்டதும் வார்டன் காலி. அடைஞ்சு கிடந்தது உட்கருவுக்குள்ள ஓடி மரபணுக்கள முடுக்கிவிடும். சைட்டோகைன்னு அபாயச் செய்தி சொல்ற புரதங்கள் கொட்டும். அதான் காய்ச்சல்."

"வார்டன் காலியா?" என்றேன்.

"தப்பிச்சு ஓடின அந்தப் புரதமே புது வார்டனையும் செய்ய வச்சிடும். இல்லாட்டி காய்ச்சல் இறங்காது."

எனக்கு இறங்கிவிட்டது. ஆகவே, வேலையை விடவைத்து என்னைக் கூட்டிப்போக ஞாயிறன்று நீ வரவேண்டாம். நான் கிளம்பினால் இந்தப் பெண்களை யார் அடக்குவது?

சும்மா பார்க்க வருவதானால் வா. என் ஸ்வெட்டரும், நம் கடைக் காப்பிப்பொடியும் கொண்டு வா. ஞாயிறன்று பெண்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.

தப்பித்து ஓடிய புரதமே வார்டனைத் திரும்ப வரவழைக்கிறது என்பதை மட்டும் அதிதியை இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

வருகிறாயா என்பதைக் கடிதத்தில் எழுது. ஃபோனில் வேண்டாம்.

அம்மா