சத்தத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு

என் பாசத்துக்குரிய தேவகி டீச்சர்,

யாழினியின் மணிக்கட்டு எலும்பு கூடிவிட்டது. மழை நாளில் மட்டும் வலிக்கிறது என்கிறாள். நீங்கள் முதலில் இதைத்தான் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நம் சுங்கை சிப்புட் ஊரில் உங்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னதை யாழினி வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தாள். "கம்ப்யூட்டர் பாடம் மனப்பாடம் பண்றதுக்கு இல்ல. உங்க வீட்டுக்கு என்ன வேணுமோ அத செஞ்சிட்டு வாங்க." தீப்பெட்டி அளவு மின்பலகை ஆளுக்கு இரண்டு கொடுத்தீர்கள். ஒருவன் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கூவுகிற கருவி செய்தான். என் மகள் ஒரு பலகையைப் பள்ளிக்குப் போட்டுப்போகும் சப்பாத்தின் பெட்டிக்குள் வைத்து எங்கள் அலமாரி மேல் ஏற்றினாள். இன்னொன்றைப் பக்கத்து வீட்டு மேரி அக்காவின் சமையலறையில் வைத்தாள். எங்கள் வீட்டில் சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அங்கே சிவப்பு விளக்கு எரியும். அக்கா வந்து கதவைத் தட்டிக் கறிவேப்பிலை கேட்பார். வெளியாள் வந்தால் என் கணவர் கையை இறக்கிவிடுவார்.

முதலில் அது சரியாக வேலை செய்யவில்லை. நான் தேங்காய் அரைத்தாலும் விளக்கு எரிந்தது. ஒரே காலையில் மூன்று முறை மேரி அக்கா ஓடி வந்தார். எந்தச் சத்தம் என்ன எண் காட்டுகிறது என்று எழுதி வரச் சொன்னீர்கள். யாழினி கொண்டுவந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பள்ளிக்குக் கூப்பிட்டீர்கள்.

"உங்க மக என்ன சொல்றா தெரியுமா அமுதா? பிளெண்டர் ஒரே மாதிரி நீளமா கத்துமாம். அப்பா விட்டு விட்டுக் கத்துவாராம். நடுவுல அம்மா சத்தம் வருமாம்."

நான் சிரித்தேன். "சின்னப் புள்ள டீச்சர், கற்பனை பண்ணுது."

நீங்கள் என் கழுத்தைப் பார்த்தீர்கள். அதன்பிறகு நீங்கள் கொடுத்த புகாரை விசாரிக்க வீட்டுக்கு வந்த அதிகாரிகளிடமும் நான் அதே பொய்யைச் சொல்லி அனுப்பினேன். ஏன் சொன்னேன்? இன்றுவரை எனக்கே சரியான பதில் இல்லை.

நீங்கள் அவளைக் கைவிடவில்லை. சத்தம் மூன்று முறை ஏறி இறங்கினால் மட்டும் விளக்கு எரிய வேண்டும் என்று அவளே கட்டளையை மாற்றி எழுதும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அதன்பிறகு ஐந்து வாரம் வீட்டில் அடி விழவில்லை. கறிவேப்பிலை மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது.

ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகன் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம், தன் லோரிக்கு இன்சூரன்ஸ் எடுத்த காப்புறுதித் தாளைத் தேடி என் கணவர் அலமாரி மேல் கையை விட்டார். பெட்டி கிடைத்தது. அதைப் பார்த்துக் கத்தினார். உள்ளே பலகையின் விளக்கு மின்னியது. இன்னொரு முறை கத்திப் பார்த்தார். அதற்குமேல் யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தக் கைதானே செஞ்சிச்சி?" என்று யாழினியின் வலக்கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பெட்டியைக் காலால் மிதித்து நொறுக்கினார். நான் குறுக்கே போனபோது என் தலையைச் சுவரில் மோதினார்.

மேரி அக்கா உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். கால் மணி நேரத்தில் உங்கள் கார் வாசலில் நின்றது. "போலீசுக்குச் சொல்லிட்டேன். துணியெல்லாம் வேணாம், புள்ளய தூக்கிட்டு வந்து ஏறு," என்றீர்கள். நாங்கள் காரை எட்டுவதற்குள் அவர் லோரியிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்து வந்துவிட்டார். முதல் அடியில் கார்க் கண்ணாடி சிதறியது. இரண்டாவதை எனக்கு ஓங்கினார். நீங்கள் நடுவில் வந்தீர்கள். அதன்பிறகும் அவர் நிறுத்தவில்லை. கால்வாய் ஓரம் நீங்கள் விழுந்த பிறகும் அடித்தார். மேரி அக்காவின் கணவரும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்துதான் அவரை மடக்கினார்கள். நான் மகளை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கத்தக்கூட இல்லை.

மறுநாள் ஈப்போ மருத்துவமனையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒருவர் எழுந்து, "வீட்டு விசயம் வீட்டோட இருக்கணும்லா. டீச்சர் அந்தப் பொட்டிய செய்யச் சொல்லலேன்னா ஒரு உயிர் போயிருக்காது. இனிமே புத்தகத்துல உள்ளத மட்டும் படிச்சிக் குடுங்க," என்றார். பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நான் எழுந்தேன்.

"டீச்சரக் கொன்னது பொட்டி இல்ல அண்ணே. என் புருசன். இரும்பால அடிச்சாரு, நான் பார்த்தேன். அந்தப் பொட்டி இருந்த அஞ்சு வாரந்தான் என் புள்ள நிம்மதியா தூங்குச்சி. இன்னும் எத்தன வீட்டுக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் அறையைத் தலைமையாசிரியர் மறுபடி திறந்துவிட்டார். புதிதாக வந்த ஆசிரியையும் பிள்ளைகளிடம் உங்களைப் போலவே, வீட்டுக்கு என்ன வேணும் என்றுதான் கேட்கிறார். யாழினி வெகுநாள் எதையும் தொடவில்லை. போன மாதம்தான் ஒன்று செய்தாள். அன்றைக்குச் சாப்பிட்ட மங்குகளைக் கழுவ வேண்டியது அவளா தம்பியா என்று பலகையே பெயர் காட்டும். எப்போதும் தம்பி பெயரே வருகிறது. உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறாள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்று என் கொழுந்தன், நான் வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். "அண்ணி, டீச்சர்தான் மொதல்ல கை நீட்டுச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அண்ணன் தூக்குலேருந்து தப்பிச்சிருவாரு."

"நான் பார்க்காதத சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஈப்போ நீதிமன்றத்தில் என் சாட்சி. முதல் அடி எங்கே விழுந்தது, இரண்டாவதை யாருக்கு ஓங்கினார், அதை யார் வாங்கினார் என்று வரிசையாகச் சொல்வேன் டீச்சர். மூன்றாவதில் குரல் போய்விட்டால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். குடித்துவிட்டு நான்காவதைச் சொல்வேன்.

உங்கள் மாணவியைப் பெற்றவள்,
அமுதா