இடது ஓரத்தில் வந்த சைக்கிள்

ஜூன் 9, 2025. திங்கள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இன்று பஸ் எட்டு நடை ஓட்டினேன். பள்ளிக்கூடக் கூட்டம். பின்னால் வந்த வண்டி நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒட்டிக்கொண்டே வந்தது. முழங்கால் வலி. மனைவி ஆனந்தவள்ளி தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூன் 17. செவ்வாய்

இன்று காலை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை ஏழரை மணி நடை. மாம்பழச்சாலை தாண்டி, தெரு முக்கில் இருக்கும் நிறுத்தம். இடது ஓரமாக ஒரு வயதான அம்மா சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டியதும் சட்டென்று இடதுபக்கம் ஒடித்து நிறுத்தினேன். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரு முழம் இடமும் மூடியில்லாத சாக்கடையும்தான். சைக்கிளோடு விழுந்தார்.

வண்டி அவர்மேல் படவில்லை. ஆனால் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கூட்டம் கூடி என் சட்டையைப் பிடித்தது. அவரோ தரையில் உட்கார்ந்தபடியே, "அவரை விடுங்க. யாராவது ஒரு அட்டை கொண்டாங்க, கையைக் கட்டணும்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, என்னைப் பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்க்கலைம்மா" என்றேன்.

ஜூன் 18. புதன்

பார்த்தேன்.

ஜூன் 22. ஞாயிறு

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பெயர் மகாலட்சுமி. வயது எழுபத்தொன்று. கிராமச் செவிலியராக முப்பது வருடம் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஊசி போட்டவர். போலீசில் புகார் கொடுக்கவில்லை. காரணத்தை நான் கேட்குமுன் அவரே சொன்னார்: "உங்களைப் பிடிச்சுக் கொடுத்தா நாளைக்கு வேற டிரைவர் வந்து அதே இடத்துல ஒடிப்பார். அந்த இடத்துல என்னமோ கோளாறு இருக்கு. அதைத்தான் பாக்கணும்."

மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறாராம். "கீழ தள்ளினது ரோடு, தண்டனை சைக்கிளுக்கா?" என்று அம்மா சிரிக்கிறார். வலியோடு எப்படிச் சிரிக்க முடிகிறது?

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சொல்லாமலே திரும்பினேன்.

ஜூலை 3. வியாழன்

கட்டுப் போட்ட கையோடு காலை ஆறு மணிக்கே அந்த நிறுத்தத்தில் வந்து நிற்கிறார். எந்த பஸ் எங்கே நிற்கிறது, யார் நடுரோட்டில் இறங்கி ஏறுகிறார்கள் – எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார். என் வண்டி நம்பரும் அதில் இருக்கும்.

ஜூலை 11. வெள்ளி

இன்று டீக்கடையில் நோட்டைக் காட்டினார். நாலு தெருவில் வீடு வீடாகப் போயிருக்கிறார். ஒரே வருடத்தில் அந்த முக்கில் விழுந்த வயதானவர்கள் பதினான்கு பேர். வீட்டில் பாதிப்பேர் சொன்னது, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று.

"ஏம்மா அப்படிச் சொல்லணும்?"

"ரோட்டுல விழுந்தேன்னா பிள்ளைங்க வெளியே விட மாட்டாங்க தம்பி. அந்த பயம்தான்."

ரெங்கம்மாள் என்று ஒருவர், எட்டு மாதமாகக் கோயிலுக்கே நடக்கவில்லையாம். கோயில் ஐந்து நிமிட நடை. காலில் இருக்கும் தழும்பை மருமகளிடம்கூடக் காட்டாதவர், இவரிடம் காட்டியிருக்கிறார். இந்த அம்மாவிடம் யாரும் எதையும் மறைக்க முடிவதில்லை – என்னைத் தவிர.

"டிரைவருங்க அங்க ஏன் ஒடிக்கிறீங்க? அது மட்டும்தான் நோட்டுல இல்ல. ஞாயித்துக்கிழமை வார்டு கூட்டம். வந்து சொல்லுவீங்களா?"

சொன்னால் வேலை போகும். ஆனந்தவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைலத்தை எடுத்து என் முழங்காலில் தேய்த்தாள். பிறகு, "போய்ச் சொல்லிட்டு வாங்க. நீங்க சரியாத் தூங்கி ஒரு மாசமாச்சு" என்றாள்.

ஜூலை 13. ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கவுன்சிலர், இன்ஜினியர், அறுபது எழுபது பேர். எழுந்து நின்றேன். "அம்மாவை நான் பார்த்தேங்க. பார்த்துட்டேதான் தாண்டினேன். சத்திரத்துலேர்ந்து இருபது நிமிஷத்துல போய்ச் சேரணும். பின்னாடி வர வண்டி முந்திட்டா ஆள் போயிடும். நிறுத்தத்துல ஆட்டோ நிக்கும், அதுக்கு முன்னாடி மூக்கை நுழைக்கணும். அதனால ஒடிச்சேன்."

அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கூட்டம் முடிந்ததும் அவரே பக்கத்தில் வந்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. தாண்டறதுக்கு முன்னாடி ஹாரன் அடிச்சீங்களே."

"அப்புறம் ஏம்மா கேட்டீங்க?"

"நீங்க சொன்னாத்தானே எழுத முடியும்."

ஜூலை 14. திங்கள்

பஸ் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 23. புதன்

சாவி திரும்பக் கிடைத்தது.

அம்மா நேராக முதலாளி வீட்டுக்கே போயிருக்கிறார். கண்டக்டர் நஸ்ருல்லாவும் கூடப் போனதால் விஷயம் தெரிந்தது. கெஞ்சவில்லையாம். நோட்டை மேசைமேல் விரித்து, "உண்மை சொன்ன டிரைவரை நிறுத்திட்டா மத்தவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. அடுத்த தடவை ஆள் செத்தாத்தான் உங்களுக்குத் தெரியவரும்" என்றாராம். முதலாளி பக்கம் பக்கமாகப் படித்தாராம். அதில் மற்ற வண்டி டிரைவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களை எப்போது பிடித்தார், எப்படிப் பேசினார்? பத்து நாள் வீட்டில் உட்கார்ந்து என்னை நினைத்தே நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் ஒற்றைக் கையோடு அலைந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 21. வியாழன்

வேலை நடக்கிறது. நிறுத்தத்தை முக்கு தாண்டி நாற்பதடி தள்ளிவிட்டார்கள். சாக்கடைக்கு சிமென்ட் மூடி. ஆட்டோக்கள் எதிர்ப்பக்கம். நிறுத்தத்தில் ஏறி நிற்க மேடை. பஸ் முதலாளிகள் கூடிப்பேசி, நடைக்கு மூன்று நிமிடம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மேடைப்படி ஒன்பது அங்குல உயரம் வந்துவிட்டது. அம்மா கட்டு பிரித்த கையால் ஸ்கேல் வைத்து அளந்தார். "முட்டி வலிக்காரங்க இதுல எப்படி ஏறுவாங்க?" கொத்தனார் முணுமுணுத்தார். இன்ஜினியர் படியை இடித்துக் கட்டச் சொல்லிவிட்டார். இப்போது ஆறு அங்குலம்.

தெருவிளக்கு இன்னும் வரவில்லை. சைக்கிளுக்கென்று போட்ட வெள்ளைக் கோட்டுக்குள் பைக்குகளை நிறுத்துகிறார்கள். அதையும் எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 8. திங்கள்

காலை ஏழரை மணி நடை. மாம்பழச்சாலை தாண்டியதும் முன்னால் மூன்று சைக்கிள்கள். முதலில் மகாலட்சுமி அம்மா. பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பெரியவர்கள். பைக்குகள் கோட்டை அடைத்திருந்ததால் மூவரும் ரோட்டில் ஏறித்தான் போனார்கள். நான் பின்னாலேயே போனேன்.

"என்ன டிரைவரே, நடந்தே போயிடலாம்போல இருக்கே" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"முன்னாடி ஆளுங்க போறாங்க. தெரியலையா?" என்றார் முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா.

ஸ்ரீரங்கம் போய்ச் சேர ஒரு நிமிடம் தாமதம். யாரும் கேட்கவில்லை.