உப்பிட்ட வெண்ணெய்

மேய்ன் மாகாணம், மார்ச் 1789

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மன்னர் ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். சட்டம் படித்தவன் என்பதால் இந்த ஊருக்கு நான்தான் எழுத்தர். ஞாயிறு பூசை முடிந்து கோவிலில் பேனாவுடன் உட்கார்ந்தேன். ஊரார் குறை சொல்லாமல் கதவோரமே நின்றார்கள்.

"உப்பு வரியைச் சொல்லலாமே," என்றேன்.

"சொன்னா, யார் வீட்டுல வரி கட்டாத திருட்டு உப்புன்னு காவக்காரனுங்க தேடி வருவானுங்க. நீரே உளவாளியோ என்னவோ," என்றாள் பெர்ரின் என்ற விதவை.

பசியில், நீங்கள் அனுப்பிய வெண்ணெயை ரொட்டியில் தடவினேன். அவள் விரலால் தொட்டு நக்கினாள்.

"அடேயப்பா, கரிக்குதே! வரியில்லாத உங்க ஊரு உப்பு. காவக்காரன் கண்டா உமக்கும் விலங்குதான்!"

சிரித்தார்கள். ஆளுக்கொரு வாய் தின்றார்கள். "எல்லாரும் தின்னாச்சு, இனி யாரும் யாரையும் காட்டிக்குடுக்க முடியாது, எழுதும்," என்றாள். ஏழு தாள் நிறைந்தது.

"ராசா படிப்பாரா?"

படிப்பார் என்றேன். அவள் நம்பவில்லை, நானும்தான்.

அஞ்சலை நம்பாமல் இந்தக் கடிதத்தைப் பானை வியாபாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். முத்திரை உடைந்திருந்தால் அவரிடம் எதுவும் பேசாதீர்கள். கம்பளிக் காலுறை வேண்டும். வெண்ணெயும் அனுப்புங்கள், பெரிய பானையாக. இங்கே ஊரே காத்திருக்கிறது.

அவசரத்தில்,
உங்கள் கொராந்தேன்