முதல் சுற்றில் நான்தான் முதல்

19 பெப்ரவரி 1997, புதன்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒட்டாவா பாராளுமன்றத்துக்கு எங்கள் தொகுதியில் கட்சி யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று அங்கத்தவர்கள் வாக்குப் போட்டுத் தீர்மானிக்கிற நாள். மூன்று பேர் நிற்கிறோம்: நான், ஒரு வக்கீல், ஒரு ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். பாதிக்கு மேல் எடுத்தால் வெற்றி. ஒருவருக்கும் அது கிடைக்காவிட்டால் கடைசி ஆளை நீக்கிவிட்டு இரண்டாம் சுற்று.

நான் சேர்த்த அங்கத்தவர் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது. றொபேட் நான்கு பஸ் ஒழுங்கு செய்துவிட்டான். தம்பி மாதிரி அவன்.

பேச்சை மனைவி மலருக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடிவுதான் நன்றியுரை மாதிரிப் போகுது" என்றாள். பத்து வருடமாக இங்கே எந்த விழா என்றாலும் நன்றியுரை என் தலையில்தான். பழக்கம் விடுமா?

23 பெப்ரவரி, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

24 பெப்ரவரி, திங்கள்

வேலைக்குப் போகவில்லை.

ஆயிரத்து நூற்று நாற்பதில் வந்தது அறுநூற்றுப் பதினொரு பேர். மிச்சச் சனம்? ஸ்னோவாம். டபுள் ஷிப்டாம். பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சலாம். அங்கத்துவப் போர்மில் கையெழுத்து வைக்கும்போது, "எங்கடை ஆள் ஒருத்தர் ஒட்டாவா போகவேணும்" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தவர்கள் இவர்கள்.

சரி. அப்படியிருந்தும் அந்த அறுநூற்றுப் பதினொன்றோடு முதல் சுற்றில் நான்தான் முதல். வக்கீலுக்கு ஐந்நூற்று இருபது, அதிபருக்கு இருநூற்று நாற்பது. பாதியைத் தாண்ட எனக்கு இன்னும் எழுபத்தைந்து பேர் போதும்.

இரண்டாம் சுற்றில் எனக்கு விழுந்தது இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.

வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் முதல் என்றதும் கைதட்டினார்கள், தின்ன ஆளுக்கொரு றோல்ஸ் எடுத்தார்கள், பஸ் ஏறினார்கள். வக்கீலின் ஆட்கள் ஒருவர்கூடக் கதிரையை விட்டு எழும்பவில்லை. எங்கடை பக்கம் வெறுங்கதிரை. இந்தச் சனத்துக்காகவா நான் ஆறு மாதம் கதவு கதவாகத் தட்டினேன்?

பஸ் யார் பொறுப்பு? றொபேட்டுக்குப் போன் எடுத்தேன்.

"பஸ்ஸை ஏனடா விட்டனி?"

"சனம் ஏறி இருந்திட்டுது, அண்ணை. நான் என்ன செய்ய."

"வக்கீல் உனக்கு என்ன தந்தவன்?"

 அவன் போனை வைத்துவிட்டான்.

27 பெப்ரவரி, வியாழன்

வோபர்னில் மீன்கடையில் ஒரு அன்ரி கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் வந்து வாக்குப் போட்டவர். "வெண்டிட்டியள் தம்பி, சந்தோசம். எப்ப ஒட்டாவா போறியள்?" நான் விளைமீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"றொபேட்டைக் கேளுங்கோ" என்றேன். காண்கிற எல்லாரிடமும் அவன் பெயரைத்தான் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அது இன்னும் உறுதியாகிறது.

4 மார்ச், செவ்வாய்

பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு விழா நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றேன். எந்தச் சனத்துக்கு நன்றி?

8 மார்ச், சனி

வெற்றியைப் படம்பிடிக்கவென்று வீடியோக்காரரை ஒழுங்கு செய்திருந்தேன். கசற் இன்றைக்கு வந்தது. வேண்டாம் என்றேன், மலர் போட்டுவிட்டாள்.

முதல் சுற்று முடிவு வந்த கையோடு, மண்டப வாசலில் நான் ஒரு கதிரையில் ஏறி நிற்கிறேன். முகமெல்லாம் பல். "இது உங்கடை வெற்றி. வந்த எல்லாருக்கும் என்ரை நன்றி. வெளியிலை ஸ்னோ கொட்டுது. பிள்ளையளோடை கவனமா வீடு போய்ச் சேருங்கோ."

இதைச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை.

றொபேட் என் கோட்டைப் பிடித்து இழுக்கிறான். "அண்ணை, இன்னொரு சுற்று இருக்கு." நான் திரும்பியும் பார்க்காமல் அவன் கையைத் தட்டிவிடுகிறேன்.

அடுத்து வெளியே. ஜக்கெற் இல்லாமல் அவன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறான். பக்கத் தகரத்தில் அடித்து அடித்து ஓடுகிறான்.

மலர் ரீவியை நிறுத்தினாள். "இதை றொபேட் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்றாள்.

இரண்டு கிழமை. ஊரெல்லாம் அவனைத் திட்டினேன்.

9 மார்ச், ஞாயிறு

பிற்பகல் இரண்டு மணிக்குப் போன் எடுத்தேன். றொபேட்டின் மனைவி கிளடிஸ் எடுத்தாள். "அவர் நித்திரை, அண்ணை" என்றாள். பின்னால் அவன் பிள்ளைகளோடு கதைப்பது கேட்டது.

மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.